என்ஜின் அறை மூடியின் உட்புறம் ஒட்டிய குறிப்பு

தவபாலன் அண்ணை,
ஈரக் கையோடு எழுதுகிறேன். எழுத்து சரிந்திருந்தால்
படகு ஆடியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மெம்பிரேன் சாகவில்லை.
மூன்று மாதம் கடல்தண்ணி உள்ளே நின்று
கூழ்முட்டை மணம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.
புதுசு வாங்கு, இரண்டாயிரம் யூரோ என்றாராம் உங்கள் பேர்கன் ஆள்.
அளம்பில் நிலையத்தில் ஒரே மெம்பிரேனை
ஏழு வருசமாக ஓட்டுகிறேன் நான்.
காசில்லாத இடத்தில் சாமான் நெடுநாள் வாழும்.

கடல்வாய்ச் சல்லடையில் ஒரு சொறிமுட்டை,
ஆறிய கஞ்சி மாதிரி. எடுத்துவிட்டேன்.
நாயாற்று முகத்துவாரம் வெட்டிக்கொண்டால்
கடல் தேத்தண்ணி நிறத்துக்கு வரும்,
அன்று இயந்திரத்தைத் தொடாதீர்கள்.
எந்த நாளில் எந்தத் தண்ணி என்று கையேட்டில் இல்லை.
வாடிக்காரரைக் கேளுங்கள். சிங்களம் தெரியாவிட்டால்
தண்ணியைக் காட்டிப் புருவத்தை உயர்த்துங்கள்,
தலையாட்டுகிற விதத்தில் விளங்கும்.

அழுத்தம் ஐம்பத்தைந்து பார். மெல்ல ஏற்றவேண்டும்.
நேற்று நீங்கள் திருகியதைப் பார்த்தேன்:
இருபது வருசம் வராத ஊருக்கு
ஒரே மூச்சில் வந்து சேரப் பார்க்கிற திருகல்.
அப்படித் திருகினால் சுருள் கசங்கும்.

பத்து லீற்றர் கடல் உள்ளே போனால் ஒரு லீற்றர் தண்ணி.
மிச்ச ஒன்பதும் முன்னையைவிட உவர்த்துத் திரும்பும்.
கடலுக்கு அது உறைக்காது.
என் நிலையத்தில் உறைக்கும்.
கழிவு போகிற வாய்க்காலோரம்
முதலில் ஒரு பூவரசு காய்ந்தது, பிறகு அமலதாசின் வெண்டி.
அவர் என்னோடு கதைப்பதில்லை.
கானோடு தண்ணிக்கு மட்டும் வருவார்.

முதல் வருகிற தண்ணியைக் குடிக்காதீர்கள்.
மீற்றர் ஐந்நூறுக்குக் கீழே இறங்கும்வரை
வெளியே விடுங்கள்.
நீங்கள் விட்ட அந்தப் பத்து நிமிசமும்
நான் அங்கால் பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஏனென்று கேட்கவில்லை, நன்றி.
வடக்கே, இங்கிருந்து தெரியாத ஒரு கரையில்,
அந்த மே மாதம், மணலைக் கையால் தோண்டி
ஊறியதைச் சீலையால் வடித்தோம்.
பிறகு பயிற்சி வகுப்பில் கணக்குப் பார்த்தேன்.
பழைய நூல் சீலை, எட்டாக மடித்தால்
கிட்டத்தட்ட இருபது மைக்ரோன்.
உங்கள் முதல் வடிகட்டியும் இருபதுதான்.
உப்பு அதில் நிற்காது.

இரண்டாவது வடிகட்டியின் சீல் வெடித்திருந்தது.
அழுத்தம் குறைந்த பக்கம்தானே என்று
சைக்கிள் ரியூப் வெட்டிப் போட்டிருக்கிறேன்.
திருகோணமலையில் மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் நிற்கும்.
றேடியோ கேட்கவே சைக்கிள் மிதித்த ஊர் இது,
ரியூப்பைக் குறைவாக நினைக்கவேண்டாம்.

குளோரின் படவே கூடாது.
துறைமுகக் குழாய்த் தண்ணி என்றால்
கரிவடியால் விட்டுப் பிறகு கழுவுங்கள்.
ஐம்பத்தைந்து பார் தாங்குகிற தோல்
கிருமி கொல்லுகிற மருந்துக்குக் கரைந்துபோகும்.
ஐந்து நாளுக்கு ஒருக்கால் நன்னீர் விட்டு அலசுங்கள்,
ஓட்டாத கிழமையும்.
ஓட்டாத கிழமைதான் முக்கியம்.

காசை எண்ணாமல் தந்தீர்கள். நான் எண்ணினேன்.
கூடியது வரைபட லாச்சிக்குள் இருக்கிறது.
பதிலாக ஐந்து மைக்ரோன் வடி இரண்டு எடுத்தேன்,
இங்கே கிடைக்காது.
இவ்வளவு தூரம் வந்து ஏன் கரைக்கு இறங்கவில்லை என்று
நானும் கேட்கவில்லை.

இப்போது மீற்றர் முந்நூற்றுப் பத்து.
எங்கள் நிலையத்துத் தண்ணி நாற்பது. அதற்கு ருசியே இல்லை.
உங்கள் தண்ணியில் கொஞ்சம் கடல் இருக்கிறது.
அது பழுதல்ல. திருத்த வெளிக்கிடாதீர்கள்.

வாடை விழ முந்திப் புறப்படுங்கள்.
பதின்மூன்றாம் நம்பர் சாவி ஒன்று
உங்கள் நீல வாளிக்குள் விழுந்துவிட்டது. அது என்னுடையது.
ஐஸ் படகில் யாரிடமாவது கொடுத்துவிட்டால்
கொன்சிலாவுக்கு என்று சொன்னால் போதும்.