மணத்துக்கு இருபத்தைந்து

ஜுஃபைரில் நாலாவது மாடி.
ஏசிக்குக் கீழே பக்கெட் வைத்த ஹால்,
மூன்று டீ கிளாஸ்.
ஷட்டவுன் முடிந்து ஊர் திரும்பிய மொரிகாவா சான்
என் லாக்கரில் விட்டுப்போன புட்டி.
பன்னிரண்டு வருஷம் ஷெர்ரி பீப்பாயில் கிடந்ததாம்.
எங்கள் மூவரில் யாரும்
ஒரு கம்பெனியில் அவ்வளவு காலம் கிடந்ததில்லை.

மார்க் போடலாம் என்றான் டெரன்ஸ்.
வெல்டிங் பார்க்கிறவன்,
மயிரிழை விரிசலுக்கு
முழுக் குழாயையும் திருப்பி அனுப்புகிறவன்.
சம்பளச் சீட்டின் முதுகில் கோடு கிழித்தான்:
நிறம், மணம், ருசி, முடிவு.
தலைக்கு இருபத்தைந்து.

நிறத்துக்கு இருபத்து மூன்று.
உரித்த செம்புக் கம்பி மாதிரி இருக்கிறது என்றார்
எலக்ட்ரீஷியன் குற்றாலிங்கம்.
அவருக்கு எல்லாமே கம்பிதான்.

மணத்தில்தான் தகராறு.
உலர்ந்த திராட்சை என்றான் இவன்.
பேரீச்சம்பழம், அதிலும்
சாக்கின் அடியில் நசுங்கி ஒட்டியது என்றார் அவர்.
தீக்குச்சி என்றேன் நான்.
அணைந்த மறுநொடி.

இல்லவே இல்லை என்றார்கள்.
இருக்கிறது. கந்தகம்.
காலி பீப்பாய்க்குள் திரி கொளுத்தியவன் எவனோ
ஒரு விரற்கடை கூடுதலாகக் கொளுத்தியிருக்கிறான்.
ஏழு வருஷமாக
சட்டைப்பையில் கேஸ் டிடெக்டரும்
முகத்தில் இந்த மூக்குமாக
அழுகிய முட்டைக்குக் காவல் இருக்கிறேன்.
என்னிடமா?

டெரன்ஸ் பத்து மார்க் வெட்டப்போனான்.
வெட்டாதே.
அந்தக் குச்சி இல்லாவிட்டால்
இது வெறும் பாயசம்.

தண்ணீர் இரண்டு சொட்டு விட்டோம்,
உப்பைக் கழற்றிவிட்டுக் குழாயில் வருகிற கடல்.
சுக்கு எழுந்தது. பிறகு ஆரஞ்சுத் தோல்.
ருசிக்கு இருபத்திரண்டு, பேச்சில்லாமல்.

இரண்டாவது கிளாஸில்
தீக்குச்சியைக் காணோம்.
திராட்சையும் இல்லை, ஒன்றுமே இல்லை.
மூக்கைக் கிளாஸுக்குள் விட்டும்
வெறும் குளிர்ச்சி.

முதல் நாள் வகுப்பில் சொன்னது இதுதான்:
நாறினால் பயப்படு,
நாற்றம் நின்றால் ஓடு.

கால் தானாக எழுந்துவிட்டது.
காற்று எந்தப் பக்கம் என்று
ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்,
கையில் டீ கிளாஸ்.

டெரன்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
குற்றாலிங்கம் சிரிக்கவில்லை.
போன வருஷம் அந்த டேங்க்கின் ஏணியடியில்
நின்றவர் அவர்.
மேலே போனவனின் டார்ச் மட்டும் இறங்கி வந்தது.

எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.
ஈரப்புழுக்கம், டீசல், எவன் வீட்டிலோ தாளிக்கிற பூண்டு.
பூண்டு, என்றேன்.
உட்கார், என்றார்.

முடிவு என்ற கட்டத்தில்
‘நீளம்’ என்று எழுதிய டெரன்ஸ்
மார்க் போடாமல் பேனாவை மூடினான்.