அறுநூற்றைம்பது

மஞ்சக்குப்பத்தில் இந்தத் தெருவுக்கு
இதுவரை நான் செய்து கொடுத்த கேக்குகள் பதினேழு.
எல்லாம் சும்மா.
டப்பா மட்டும் திரும்பி வரும்,
சிலசமயம் உள்ளே நாலு பலாச்சுளையோடு.

போன சித்திரையில்
கெடிலத்துக் காற்றும் கரண்ட்டும் சேர்ந்து நின்ற மத்தியானம்
க்ரீம் உருகி ரோஜாக்கள் சரிந்தபோது
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

இந்தமுறை தமயந்தி கேட்டாள்:
எவ்வளவுக்கா?

முட்டை, வெண்ணெய், கேஸ் என்று
காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டினேன்.
ராத்திரி விழித்ததை எந்த வரியில் எழுத?
அறுநூற்றைம்பது என்றேன்.
வேறு யாரோ சொன்னதுபோல் கேட்டது.
சரிக்கா என்றாள் உடனே.
எண்ணூறு சொல்லியிருக்கலாமோ என்றது
வெட்கங்கெட்ட மனசு.

மேசையில் வைத்ததும்
குனிந்து பார்த்தாள்.
பதினேழில் ஒன்றைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.
'ழ'வோட சுழி கொஞ்சம் சாஞ்சிருக்குல்ல?
சாய்ந்துதான் இருந்தது.
மகிழனின் ழவைக் கத்திமுனையால் வழித்து
மூச்சடக்கி மறுபடி போட்டேன்.

அவள் போனபின்
வெட்டியெடுத்த ஓரங்களைத் தட்டில் வைத்தேன்.
கைநீட்டிய என் மகன்
பாதியில் நிறுத்திக் கேட்டான்:
இது நம்மளுதா,
ஆர்டரா?