எரிந்த கல்

நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், தெரியும்.
யார் வீட்டுச் சட்டியிலோ கொதிக்க வேண்டிய மசூர்ப் பருப்பு
உன் லாரியோடு எங்கள் வாசலில் விறைத்து நிற்கிறது.
நிற்கட்டும். பருப்புக்குக் குளிராது.
உள்ளே வா, கதவைச் சாத்து.
ட்ரெல்ஃபோர்டில் எட்டு மணிக்கு மேல்
விளக்கெரியும் கூரை இது ஒன்றுதான்.

ஹாக்கி என்று நினைத்தாயா?
அது பக்கத்துக் கொட்டகை.
விடியுமுன் பிள்ளையை எழுப்பி
அறுபது மைல் ஓட்டிப்போய்
ஆறின காப்பியோடு கண்ணாடிக்குப் பின்னால் நின்று
கத்துவதுதான் அதில் பெரியவர்கள் பங்கு.
கோடைக்கு லக்ராஸ் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.
கோடை வரட்டும், பார்க்கலாம்.

இது கர்லிங்.
அந்தக் கோடியில் வட்டத்துக்குள் வட்டம் தெரிகிறதே,
அதற்குப் பெயர் வீடு.
இருபது கிலோ கருங்கல்லை
இங்கிருந்து வழுக்கிவிட்டு
வீட்டுக்குள் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும்.
அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லியே
எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது.

நான் ஆடுவதில்லை, ஐஸ் போடுகிறவன்.
வழவழப்பான ஐஸில் கல் ஓடாது, நம்ப மாட்டாய்.
முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு
வெந்நீரைத் துளித்துளியாய் வீசிப் பின்னாலேயே நடப்பேன்.
தரை முழுக்க வேர்க்குரு போலப் பொரிந்து உறையும்.
அந்தப் பொரியின் மேல்தான் கல் பயணம்.
வேகம் குறையக் குறைய வளையும்,
மனிதரைப் போல, கடைசியில்தான் அதிகம் வளையும்.

துடைப்பத்தோடு இரண்டு பேர் முன்னால் ஓடுகிறார்களே,
குப்பை கூட்டவில்லை.
தேய்த்தால் ஐஸ் ஒரு கணம் இளகும்,
கல் இன்னும் பத்தடி போகும், வளையாமல் போகும்.
எறிந்தபின்னும் விதியைத் திருத்தலாம்
என்று நம்புகிறவர்களின் ஆட்டம் இது.
கத்துகிறவள் ட்வைலா, தலைவி.
தேய்க்கிறவளில் குட்டையானவள் ரோக்சன் பெட்ரிஷின்,
பகலில் தானியக் கிடங்கில் எடை போடுகிறவள்.

பார், கடைசிக் கல்.
இது நின்றால் கோப்பை இவர்களுக்கு,
பதினோரு வருஷத்துக்குப் பிறகு.
வருகிறது... தேய்க்கிறார்கள்... ட்வைலாவின் தொண்டை கிழிகிறது...
வீட்டின் நடுப் பொத்தானில்
பூனை மடியில் ஏறுவது போல வந்து உட்கார்ந்தது!

பொறு. கைதட்டாதே.
ரோக்சன் கையைத் தூக்கிவிட்டாள்.

துடைப்பம் கல்லில் பட்டதாம்.
ஒரு மயிரிழை.
அதற்கு எரிந்த கல் என்று பெயர்.
நடுவர் யாரும் இங்கே கிடையாது,
பட்டவர்தான் சொல்ல வேண்டும்.

இனி எதிரணித் தலைவர் டெல்மர் கீவாட்டின் முடிவு.
அப்படியே விட்டாலும் விடலாம்,
எடுத்தாலும் எடுக்கலாம்.
குனிகிறார். வட்டத்தைப் பார்க்கிறார்.
ரோக்சனைப் பார்க்கவில்லை.
ஒரு நிமிஷம்...
குளிர்சாதன மோட்டாரின் உறுமல் மட்டும்.

காலால் தள்ளிவிட்டார்.

ஆமாம், விட்டிருக்கலாம்.
விடவில்லை.
அவருக்கும் பதினோரு வருஷம்.

இப்போது கை குலுக்குகிறார்கள்.
மாடிக்குப் போவார்கள்.
வென்றவர் தோற்றவருக்கு மது வாங்கித் தர வேண்டும், வழக்கம்.
டெல்மர் கோப்பையை நீட்டுவார்,
ரோக்சன் வாங்கிக் குடிப்பாள்.
ஆலங்கட்டி மழை, டிராக்டர் டயர், விதை விலை பேசுவார்கள்.
ட்வைலா மட்டும் இன்றிரவு பேசமாட்டாள்.
இருவரும் ஒரே வண்டியில் வந்தவர்கள்,
வீட்டுக்கு முப்பது மைல்.
இந்தப் பனிப்புயலில் முப்பது மைல் மௌனம்
எவ்வளவு நீளம் என்று
லாரிக்காரன் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன? யாரும் பார்க்கவில்லையே என்கிறாயா?
நான் பார்த்தேன்.
இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருபத்தாறு குளிர்காலம்
வேறென்ன வேலை எனக்கு?
யாரும் என்னைக் கேட்பதில்லை.
கேட்டாலும் ஐஸைப் பற்றித்தான் சொல்வேன்.

படுப்பதென்றால் மேசை இரண்டைச் சேர்த்துப் போட்டுக்கொள்.
விளக்கை அணைக்காதே,
நான் இன்னும் மூன்றாம் தடத்தைச் சீவ வேண்டும்.