ஒன்பதாம் தட்டு

மாதவரத்தில் எங்கள் குளிர்ப்பெட்டி
கம்ப்ரசர் எரிந்து நின்றது கார்த்திகைக் கடைசியில்.
சரிசெய்ய மூன்று வாரம் என்றார்கள்.
விதை மூன்று வாரம் காத்திருக்கும்;
முளைத்தது காத்திருக்காது.

அப்படித்தான் பருத்திக்கன்றுகள் காசிமேட்டுக்குப் போயின.
ஒரு குட்டியானையில் பதினாறு தட்டுகள்,
தட்டுக்கு நாற்பது கன்று,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் எண் எழுதிய ஐஸ்குச்சி.
சென்னையில் குளிர் வேண்டுமென்றால்
வஞ்சிரமும் சங்கராவும் படுத்திருக்கும் இடத்துக்குத்தான்
போக வேண்டும்.
உள்ளறைக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே
பத்து டிகிரியில் நிற்கும் ஓர் இடைகழி,
நாள் வாடகைக்குக் கிடைத்தது.

"இன்னாம்மா இது, கீரையா?"
தேசப்பன் கேட்டார், அங்கே இரவுக்காவல்.
பருத்தி என்றேன்.
"பஞ்சுக்கு இன்னாத்துக்குக் குளுரு?"

சொன்னேன்:
நெல் அறுத்த வயலில் ஈரம் கொஞ்ச நாள்தான்.
அதைப் பிடிக்கப் பனியிலேயே விதைக்க வேண்டும்.
பனியில் முளைத்தால் விறைத்துப்போகும்,
பனி முடியட்டும் என்றால் காய்ந்துபோகும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது.
அதில் நுழையத் தெரிந்த செடியைத் தேடுகிறோம்.

அவர் சந்து என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்.
"எங்க சந்துல தண்ணி லாரி நுழையாதும்மா.
மெயின் ரோட்டாண்டேர்ந்து கொடம் தூக்கினு வரணும்."

மூன்று இரவு குளிர்.
விதையிலைகளின் ஓரம் கண்ணாடிபோல் ஆனவற்றைக்
குறித்துக்கொண்டேன்.
பிறகு மொட்டைமாடி.
மழை விட்ட மார்கழி, நம்பாமல் மேலே பிளாஸ்டிக் கூரை.
பன்னிரண்டு நாள் தண்ணீர் கிடையாது.

காலை ஏழு மணிக்கு மதிப்பெண் போடுவேன்.
ஒன்று: நிமிர்ந்திருக்கிறது.
மூன்று: இலை கவிழ்ந்திருக்கிறது, தண்டு இன்னும் சொல்பேச்சு கேட்கிறது.
ஐந்து: பிடுங்கலாம்.
பிடுங்கியவை ஒரு கோணிப்பைக்குள் சேர்ந்தன,
கீழே வலை பின்னுகிறவர்களின் வானொலி கேட்டபடி.

எட்டாம் நாள்
ஒன்பதாம் தட்டில் நாற்பதும் ஒன்று.
நாற்பதும்!
இரண்டு பக்கத்துத் தட்டுகளும் சாம்பல்.
காட்டுப்பருத்தியோடு கலந்த அந்த வரிசையை
ஐந்து பருவமாக யாரும் நம்பவில்லை,
நானும்தான்.
கை நடுங்க இயக்குநருக்குப் போன் போட்டேன்,
மணி அடிக்கிறது, அடிக்கிறது,
சும்மா மண்ணைத் தொட்டேன்.

சில்லென்று இருந்தது.
ஒரு மீன்செதில்
ஈரத்தில் ஒட்டிக்கொண்டு
வெயிலுக்கு மினுங்கியது.

"சொல்லுங்க வளர்மதி" என்றது போன்.
அப்புறம் கூப்பிடுகிறேன் சார் என்றேன்.

தேசப்பன் மறைக்கவில்லை.
"ஐஸ் கரைஞ்ச தண்ணிதாம்மா, சும்மாதான ஓடுது.
ஒரு தட்டுக்குத்தான் ஊத்துனேன்.
எல்லாத்துக்கும் ஊத்துனா நீ கண்டுபுடிச்சிடுவ."
ஏன் இந்தத் தட்டு?
"அதான் படியாண்ட இருந்துச்சு."

கோபத்துக்குச் சொல் தேடினேன்.
பூச்சி, பூஞ்சை, எலி, எண் மாறியது:
தட்டை நீக்க எங்கள் படிவத்தில் இருக்கும்
காரணங்கள் இவ்வளவுதான்.
எலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மீதி அறுநூறில் இருபத்து மூன்று தேறின.
அவற்றுக்குப் புது எண், புதுத் தொட்டி,
மாதவரத்தில் பூட்டுப்போட்ட கூண்டு.
ஒன்பதாம் தட்டு கோணிப்பைக்குப் போக வேண்டியது.
கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாசி முடியும்போது ஒரு நாள் விடிகாலையில் போன்.
"நேத்து மஞ்சளாப் பூத்துச்சும்மா,
இன்னிக்குப் பாத்தா செவந்துக்கினு கீது. சீக்கா?"
இல்லை, பருத்திப்பூ மறுநாள் அப்படித்தான் என்றேன்.
"நாப்பதுல முப்பத்தெட்டு நிக்குது" என்றார்,
மதிப்பெண் சொல்கிற மாதிரி.

தினமும் எத்தனை குடம் என்று
நான் கேட்கவில்லை.