நானூற்று இருபத்தொன்று

சைன்ஷாந்துக்குத் தெற்கே
எழுநூற்றுப் பத்து மீட்டர் ஆழத்துக் கருங்கல்.
கோழிமுட்டை அளவு. முகர்ந்தால் எண்ணெய் வாடை.
கல்சாந்தோர்ஜ் அதைக் கையுறைக்குள் பொதிந்து
ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான்.
காலணிப் பனியை உதறக்கூட இல்லை,
ஆய்வக வாசலிலேயே சொன்னான்:
"கிடைத்துவிட்டது, நர்மந்தாக்."

இடித்தேன், சலித்தேன்.
எழுபது மில்லிகிராமைச் சிறு மூசையிலிட்டு
அடுப்புக்குள் இறக்கினேன்.
முந்நூறு பாகையில் எழுந்த முதல் சிகரம்
காகிதத்தின் மேல்விளிம்பை முட்டியது.
யாரோ அதற்குள் இயக்குநருக்குத் தொலைபேசி செய்துவிட்டார்கள்.

இரண்டாவது சிகரம்தான் உறுத்தியது.
பாறை தன் சொந்தச் சரக்கை அவிழ்க்கும் சூடு அது.
நானூற்று முப்பத்தைந்தைத் தொட்டால்தான் பேச்சு.
இது நானூற்று இருபத்தொன்றிலேயே உடைந்துவிட்டது:
இளசு. பச்சைக் காய்.
வேகாத உலையில் வடிகஞ்சி ஏது?

கரைப்பானில் இரவெல்லாம் கழுவி மறுபடி சுட்டேன்.
முதல் சிகரம் கரைந்து தரையோடு படுத்தது.
இரண்டாவது அசையவில்லை.
அதே நானூற்று இருபத்தொன்று.

கழுவிய நீரை நீள்குழலில் ஓட்டினால்
பத்துக் கரியணுவில் தொடங்கி
இருபத்தைந்தில் கத்தரித்ததுபோல் முடிகிறது.
எந்த ஏரியும் இப்படி ஓரம் வெட்டித் தராது.
ஆலைதான் தரும்.

"துளைச்சேற்றில் என்ன கலந்தாய்?"

அவன் ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"மைனஸ் முப்பத்தெட்டு. குழாய் இறுகிவிட்டது.
இரண்டு பீப்பாய் டீசல்.
ஊற்றாவிட்டால் துளையே போயிருக்கும்."

அவன் பொய் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டீசலுக்கு அடியில், மெல்லிய குரலில், ஏரி.
பன்னிரண்டு கோடி ஆண்டுப் பழசு.
அதன் பாக்டீரியாக்கள் தம் தோலுக்குத் தைத்த
ஐந்து வளைய மூலக்கூறுகள்.
உயிரோடு இருந்தவரை எல்லாம் ஒரே கை;
உயிரின் பழக்கதோஷம்.
புதைந்து, சூடேறி, ஒவ்வொன்றாய்க் கைமாறும்.
நூற்றுக்கு அறுபது மாறியதும்
அந்தக் கடிகாரம் நின்றுவிடும்.
இங்கே மாறியவை பதினெட்டு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்பார்கள்.
கல்லுக்கு அது ஆகாது.
மரத்துணுக்குகள் அறுபதை மெருகிட்டு,
எண்ணெய்த் துளிக்கு அடியில் வைத்து,
விழுந்த ஒளியில் எதைத் திருப்பித் தருகிறது என்று அளந்தேன்.
நூற்றில் அரைப் பங்கு தேறவில்லை.
ஒன்றே ஒன்று பளபளத்தது.
ஏதோ பழைய மலையில் வெந்து
ஆற்றோடு உருண்டு வந்த விருந்தாளி.
கணக்கிலிருந்து எடுத்தேன்,
கொஞ்சம் வருத்தத்தோடு.

இயக்குநர் ஷக்தர்சூரன் கேட்டார்:
"எப்போதுதான் முற்றும்?"

"இன்னும் ஆயிரத்து இருநூறு மீட்டர் புதைந்தால்.
மண் சேரும் வேகத்துக்கு மூன்று கோடி வருடம்."

கம்பியில் யாரோ தேநீர் உறிஞ்சும் சத்தம்.
பிறகு, தணிவாக:
"ஓரளவு முற்றியது என்று எழுதலாமே?"

ஓரளவுக்கு என்னிடம் எண் இல்லை.

மிச்சத் துண்டை கல்சாந்தோர்ஜ் கேட்டான், மகனுக்காம்.
செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.
"வாடை போக வெயிலில் வை" என்றேன்.
இருவரும் சன்னலைப் பார்த்தோம்.
மாலை நான்கு மணி. கண்ணாடியின் உள்பக்கத்தில்
விரல் தடிமனுக்குப் பனி.