நாலாவது நொடி

வினிபெக்கில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
காரின் பின்பெட்டியில் இருபத்தாறு கிலோ இரும்பு
ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தரம் இடித்துக்கொண்டு வந்தது.
விற்றவர் டிரான்ஸ்கோனாவில் ரயில் பட்டறை வேலை பார்த்தவர்,
ஹ்ரின்சுக். காது மங்கிவிட்டதாம்.
"ஆறு மணித்தியாலம் செருகாதே, அதுக்கு வேர்க்கும்,"
என்றார், வாசல் பனியைக் கொத்திக்கொண்டே.

வேர்த்தது.
வீட்டுக்குள் வந்ததும் அதன் கறுப்பு முதுகில்
முதலில் வெள்ளையாய் ஒரு பூப்பு, பிறகு துளி, பிறகு வழிசல்.
குளியல் துவாயால் துடைத்தேன்.
"அறுநூற்றைம்பது டொலர்," என்றான் கஜரூபன்,
மின்கட்டணத்தை வாசிப்பது போல.

ஸ்பீக்கர்கள் பழையவைதான்.
பின்புறம் எட்டு ஓம் என்று அச்சடித்திருக்கும்.
கீழ் ஸ்வரங்களில் மூன்றுக்கு இறங்கி
தா தா என்று கேட்கும்,
சீட்டுக்காசு எடுத்த மச்சானைப் போல.
ரிசீவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாது.
இருந்ததைக் கொடுத்துக் கொடுத்து
பதினொரு வருடம் மூச்சு வாங்கியிருக்கிறது.

பத்தரைக்குச் செருகினேன்.
சமையலறை விளக்கு ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிற்று.

என் சால்வையாலேயே என் கண்ணைக் கட்டினான்.
இரண்டுக்கும் சத்தம் ஒரே அளவா என்று போனில் அளந்தான்.
வயரை மாற்றியும் மாற்றாமலும் பத்துத் தரம்;
பிட்சா விளம்பரத்தின் பின்பக்கம்
பென்சில் கீறுவது எனக்குக் கேட்டது.
பத்தில் ஐந்து.
"காசைச் சுண்டியிருந்தாலும் ஐந்து வந்திருக்கும்."
வந்திருக்கும். மெல்லமாய் வைத்தால்
எந்தப் பெட்டிக்கும் ஒரு வாட்ஸ் போதும்.
மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றொன்பதும்
சம்பளத்தோடு சும்மா குந்தியிருக்கும்.

"கூட்டும்," என்றேன்.

ஆஸ்பத்திரியில் நான்
பிறர் மூச்சுக்குக் காவல் இருப்பவள்.
குழாய், வால்வு, அளவு, அலாரம்.
எந்த நெஞ்சு களைக்கப்போகிறது என்று
திரையில் கோடு சரிய முன்னமே
எனக்குக் கேட்டுவிடும்.
தவில்காரர் தீர்மானத்துக்கு ஏறினார்.
ஏறிய இடத்தில் ஒவ்வோர் அலையின் தலையும்
சலூன் கத்திரி பட்டாற்போல மட்டமாய் விழுந்தது.
நாகசுரம் தகரம்.
"இது ரிசீவர்," என்றேன்.

மாற்றினான். அதே தீர்மானம்.
இதில் சத்தம் ஒரு துளி கூடவில்லை,
அடி விழுந்தது, விழுந்த இடத்திலேயே நின்றது.
முன்னே பாய்ந்த கூம்பைப் பிடரியில் பிடித்து
உட்கார வைக்க ஒரு கை இருந்தது.
அடிக்கும் அடிக்கும் நடுவில் இவ்வளவு இடமா?
அந்த இடத்தில் யாரோ ஒருவர் தாளம் தட்டுகிறார்,
சின்ன வெண்கலத் தாளம், சற்றே பிந்தி.
இத்தனை வருடமும் என் வீட்டில்தான் தட்டியிருக்கிறார்.

மறுபடி பத்துத் தரம்.
பென்சில் கீறிற்று, கீறிற்று, பிறகு கீறவில்லை.
எத்தனை என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
"காணும். அடுத்த வீட்டுச் சனம் படுக்க வேணும்."
ஆம்ப்பின் செருகி சுவரை விட்டு வரும் சத்தம் கேட்டது.

பாட்டு நிற்கவில்லை.

மின்தேக்கிகளின் அடியில் தேங்கிக் கிடந்ததை வைத்து
ஒன்று,
இரண்டு, அந்தத் தாளக்காரர் இன்னும் பிந்தியபடி,
மூன்று,
நாலாவதில் நாகசுரம் கரகரத்து
ஒரு பக்கமாய்ச் சரிந்து
போயிற்று.

வெளியே பனி வழிக்கும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.
கட்டை நான் அவிழ்க்கவில்லை.
சுவர்ப் பக்கமிருந்து,
செருகியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்,
கேட்டான்:
"இன்னொருக்கா செருகிக் கழட்டிப் பாப்பமா?"