இடைவெளி இல்லாத காற்புள்ளி

இரவு ஒன்று நாற்பது. கிளாக்ஸ்விக்கில் மழை
பக்கவாட்டில் பெய்கிறது; இந்தத் தீவில் அதுதான் வழக்கம்.
ஏழு கூண்டுகளும் ஒரே நேரத்தில் வாயடைத்துவிட்டன.

தப்பு என்னுடையது.
மாலையில் கிளம்பும் அவசரத்தில்
என் மடிக்கணினியில் கட்டிய இமேஜை
லேட்டஸ்ட் என்ற பழைய பெயரிலேயே ஏற்றிவிட்டேன்.
என் கணினிக்கு இன்டெல் எலும்பு.
கூண்டு விளிம்பில், டப்பாவுக்குள்,
உப்புக்காற்றைத் தின்று வாழும் பலகைகளுக்கோ ஆர்ம் எலும்பு.
கொடுத்ததை நம்பி இறக்கிக்கொண்டன.
எக்ஸெக் ஃபார்மேட் எரர் என்று ஒரே ஒரு வரி,
செத்தன. எழுந்தன. அதே வரி. செத்தன.
பதிவில் நானூறு முறை.

தீவனப் படகில் ஹொக்னி இருக்கிறான்.
கைமீட்டரைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கிக்
கூண்டு கூண்டாக ஆக்சிஜன் பார்க்கிறான்.
வாக்கிடாக்கியில் அவன் குரல்:
"மூன்றாவது. எட்டுப் புள்ளி ஒன்று.
உன் பொம்மைகள் எப்போது எழும், ரன்வா?"
கூண்டுக்கு நாற்பதாயிரம் சால்மன்.

கட்டளையை முதலிலிருந்து எழுதுகிறேன்.
பில்ட்எக்ஸ். பில்ட்.
பிறகு இரண்டு சிறு கோடுகள், பிளாட்ஃபார்ம்.
லினக்ஸ், சாய்கோடு, ஏஎம்டி அறுபத்துநான்கு.
காற்புள்ளி. ஓர் இடைவெளி.
லினக்ஸ், சாய்கோடு, ஆர்ம் அறுபத்துநான்கு.

ஏற்கவில்லை.
அந்த இடைவெளிதான்.
காற்புள்ளிக்குப் பின் மூச்சு விடு என்று
பள்ளியில் படித்தது இங்கே செல்லாது.
விட்டால் இரண்டாவது பெயர்
கூட்டத்திலிருந்து கழன்று
யாரோ போல வாசலில் நின்றுவிடுகிறது.
ஒட்டி எழுதினேன்.

லோட் என்று கேட்டேன். முடியாதாம்,
இத்தனை உடலை வைக்க என் கணினியில் இடமில்லையாம்.
சரி, புஷ்.
சமைப்பது என் அடுப்பு, பந்தி வேறெங்கோ.

வரியின் கடைசியில் ஒரு புள்ளி.
பார்த்தால் முற்றுப்புள்ளி. அதற்குப் பொருள் 'இங்கே'.
இந்தக் கோப்புறை, இந்த மேசை,
ஆடை கட்டிய காபிக்கு இந்தப் பக்கம்.

என்டர்.

இன்டெல் பாதி இரண்டு நிமிடத்தில் முடிந்தது.
ஆர்ம் பாதிக்காக என் கணினி
தான் அல்லாத ஒன்றாக நடிக்கிறது.
ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் பெயர்த்துப் பெயர்த்து.
பதினேழில் ஒன்பதாம் படி.
பதினேழில் ஒன்பதாம் படி.
விசிறி இரைகிறது.
"ஐந்தாவது. ஏழு புள்ளி ஒன்பது."
இறங்குகிறது என்று அவனும் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை.
பதினேழில் ஒன்பதாம் படி.

இரண்டு முப்பத்தாறுக்கு ஏறியது.
வெளியே ஒரு பெயர், உள்ளே இரண்டு உடல்,
கேட்கிற பலகை தன் எலும்புக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும்.
ஒன்று எழுந்தது. இரண்டு. நான்கு. ஆறு.

ஏழாவது அப்படியே கிடந்தது.

"அது பழசு," என்கிறான் ஹொக்னி, "ஹானுஸ் வைத்தது."
ஆர்ம், வி ஏழு. முப்பத்திரண்டு பிட்.
எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த ஹானுஸ்
அதையும் சேர்த்துத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான்.
போன வாரம் அதை நான் சுத்தம் செய்தேன்.
'தேவையற்ற வரிகளை நீக்கினேன்' என்று
குறிப்பு வேறு எழுதிவைத்திருக்கிறேன்.

மேல்அம்பை அழுத்திப் பழைய வரியை வரவழைத்தேன்.
மூன்றாவது பெயர். காற்புள்ளி. மூச்சு விடவில்லை.
முதல் இரண்டும் கேஷிலிருந்து கண் சிமிட்டும் நேரத்தில்.
மூன்றாவதற்கு மறுபடி நடிப்பு, மறுபடி விசிறி.
"நான் ஏழாவதிலேயே நிற்கிறேன்," என்றான்.
கேட்காமலேயே.

மூன்றேகால்.
திரையில் எண் வந்தது: ஏழாவது, எட்டுப் புள்ளி இரண்டு.
நான் வாய் திறக்கும் முன் அவன்:
"எட்டு."
"புள்ளி?"
"எட்டு, ரன்வா. மீட்டர் கண்ணாடி நனைந்திருக்கிறது,
அதற்குப் பிறகு எதுவும் தெரியவில்லை."